24/2 பன்னிரண்டுதான், ஆனால் எந்தப் பன்னிரண்டு?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெருந்துறைப் பக்கம் பொறியியல் படிக்கும் தம்பி ஒருவர், ஃபிரிகாஸ் என்ற இயற்கணித மென்பொருளில் 12-ஐக் காரணிப்படுத்தச் சொல்லியிருக்கிறார். 2-இன் வர்க்கம் பெருக்கல் 3 என்று வந்தது. அப்புறம் 24/2 என்று அடித்தார். திரையில் 12. அந்த விடையையே காரணிப்படுத்தச் சொன்னால், 12 என்று முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. "ரெண்டும் ஒரே பன்னண்டுதானுங்களே அண்ணா, ஒண்ணு உடையுது, இன்னொண்ணு உடைய மாட்டேங்குது. இது பக் தானுங்?" என்கிறார். கூடவே இன்னொன்று: இன்டர்பிரட்டரில் (அடித்ததும் விடை சொல்லும் பகுதி) ஓடின வரியை அப்படியே ஸ்பேட் (ஃபிரிகாஸின் நூலகங்களை எழுதும் மொழி) கோப்பில் எழுதினால் கம்பைலர் ஏற்றுக்கொள்வதே இல்லையாம். ஒரே மென்பொருளுக்குள் எதற்கு இரண்டு நியாயம்?

பக் இல்லை தம்பி. விடைக்குக் கீழே வலது ஓரத்தில் "டைப்" என்று ஒரு வரி வருகிறது பாருங்கள், அதை நாம் யாரும் படிப்பதில்லை. நேரடியாக 12 அடித்தபோது அங்கே பாசிட்டிவ்இன்டிஜர் என்று இருந்திருக்கும். 24/2 அடித்தபோது ஃபிராக்ஷன்(இன்டிஜர்). முதல் 12 முழு எண்களின் ஊரில் குடியிருக்கிறது. இரண்டாவது 12 பின்னங்களின் ஊரில்.

பின்னங்களின் ஊரில் காரணி என்ற பேச்சுக்கே அர்த்தம் கிடையாது. முழு எண்களில் 5 என்பது 12-ஐ வகுக்காது. பின்னங்களில் வகுக்கும், விடை 12/5, அதுவும் அந்த ஊர்க்காரர்தான். பூஜ்யத்தைத் தவிர எல்லா எண்ணும் எல்லா எண்ணையும் மிச்சமில்லாமல் வகுக்கிற இடத்தில், பகா எண் என்று யாரைச் சொல்வது? கணிதத்தில் இப்படிப்பட்ட ஊருக்குப் பெயர் களம். களத்தில் எல்லா எண்ணும் ஒன்றாம் எண்ணைப் போலத்தான். அதனால் காரணிப்படுத்து என்றதும் "உடைக்க ஒன்றுமில்லை" என்று முழுசாகத் திருப்பிக் கொடுத்தது. ஃபிரிகாஸின் மூதாதையான ஆக்ஸியத்தின் கையேடே இதை ஓர் உதாரணம் போட்டுச் சொல்கிறது: பின்னத்தை அப்படியே காரணிப்படுத்தினால் பயனில்லை, மேப் கட்டளை கொண்டு தொகுதியையும் பகுதியையும் தனித்தனியே காரணிப்படுத்திக்கொள் என்று. உங்களுக்கு அதுகூட வேண்டாம். 24/2-ஐ அடைப்புக்குறிக்குள் போட்டு, பக்கத்தில் இரட்டை முக்காற்புள்ளி வைத்து இன்டிஜர் என்று எழுதிவிட்டுக் காரணிப்படுத்துங்கள். உடையும்.

"மிச்சமில்லாமல் வகுபடுகிறதே, அதுவே முழு எண்ணாக்கிக்கொள்ள வேண்டியதுதானே" என்று அடுத்துக் கேட்பீர்கள். நானும் கேட்டிருக்கிறேன். யோசித்துப் பாருங்கள்: வகை, அதாவது அந்த டைப், மதிப்பைப் பார்ப்பதற்கு முன்பே முடிவாக வேண்டிய சங்கதி. 24/2 முழு எண், 25/2 பின்னம் என்று மதிப்பைப் பார்த்து வகை சொன்னால், ஒரு சுற்றுக்குள் எண்ணைப் பாதியாக்கிக்கொண்டே போகும் நிரலில் ஒவ்வொரு சுற்றுக்கும் வகை மாறும். அதை எப்படிக் கம்பைல் செய்வது? ஆகவே முழு எண்ணுக்குள் வகுத்தல் குறி போட்டால் விடை எப்போதும் பின்னம் என்று ஒரே முடிவாக வைத்துவிட்டார்கள். பைத்தான் மொழியின் மேல் நிற்கும் சேஜ் என்ற கணித மென்பொருளும் அப்படித்தான்: அங்கேயும் 24/2 விகிதமுறு எண்தான். இந்த முடிவு சரி என்பது என் கட்சி. தொல்லை தருவது முடிவல்ல. முடிவு எடுத்ததை நாம் கவனிக்காமல் இருப்பது.

கவனிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கதையே இருக்கிறது.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நூல் ஸ்டாக் பார்க்கும் வேலையில் இருந்தேன். நூலுக்கு நம்பர் உண்டு என்பது நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 840 கெஜம் கொண்டது ஒரு கழி. ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை கழி நிற்கிறதோ அதுதான் நம்பர், அல்லது கவுண்ட். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 40-ஆம் நம்பர் 20-ஐவிட மெல்லிசு. 40-ஆம் நம்பர் நூல் இரண்டைச் சேர்த்து முறுக்கினால் அதை 2/40 என்று எழுதுவது வழக்கம். கணக்கில் அது 20-ஆம் நம்பர் தடிமனுக்கு வரும்.

கட்டு கட்டாக இருந்த ஸ்டாக் நோட்டை ஒரு பையன் எக்செலில் ஏற்றினான். 2/40 என்று அடித்தான். எக்செல் அதை 1940-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் என்று எடுத்துக்கொண்டது. 2/60 என்பது 1960 பிப்ரவரி. 2/10 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி ஜெயந்தி! திரையில் பார்த்தபோதே விசித்திரமாகத் தெரிந்திருக்கும், ஆனால் அவன் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து "எண்" என்று வடிவத்தை மாற்றிவிட்டான். 2/40 இருந்த கட்டத்தில் 14642 வந்து உட்கார்ந்தது. எக்செல் நாட்களை 1900 தொடக்கத்திலிருந்து எண்ணுகிறது. 1940 பிப்ரவரி 1 அந்தக் கணக்கில் 14642-ஆவது நாள். மாத முடிவில் சராசரி கவுண்ட் என்று ஓர் எண் வந்தது. அப்படி ஒரு நூல் நூற்றால் சிலந்திகூடத் தோற்றுப்போகும். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஏனுங் தம்பி, நம்ம குடோன்ல கண்ணுக்கே தெரியாத நூலு இருக்குதாட்ட இருக்குதுங்களே?" என்று கேட்டார். திட்டவில்லை. அதுதான் கொங்குத் திட்டு.

சிரித்துவிட்டுப் போகிற சங்கதி இல்லை இது. மரபணு ஆய்வாளர்கள் இதே எக்செலோடு வருடக்கணக்கில் போராடினார்கள். மார்ச், செப்டம்பர் மாதங்களின் சுருக்கம் போலவே சில மரபணுக்களின் பெயர்கள் இருந்ததால், அவை தேதியாக மாறிக்கொண்டே இருந்தன. கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்ற வேண்டியதாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது: 2/40 என்ற அதே எழுத்துக்கு ஃபிரிகாஸ் சொல்லும் விடை 1/20. எக்செலின் விடை 1940 பிப்ரவரி. நூல் கடையின் விடை இருபதாம் நம்பர் தடிமனில் ரெட்டைப்புரி. மூன்றும் அவரவர் ஊரில் சரி. எழுத்தை மட்டும் பார்த்து எந்த ஊர் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரு மென்பொருள் கண்டுபிடித்துவிட்டதாகக் காட்டிக்கொண்டால், அது ஊகித்திருக்கிறது என்று அர்த்தம். ஊகம் பலதரம் பலிக்கும்.

நூல் கணக்கைச் சரியாக எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்றும் பார்த்துவிடலாம். கவுண்டைக் கவுண்டோடு கூட்ட முடியாது. 20-ஆம் நம்பரையும் 40-ஆம் நம்பரையும் சேர்த்து முறுக்கினால் 60 வராது, 13.33 வரும். டெக்ஸ் என்று இன்னொரு அளவு இருக்கிறது: ஆயிரம் மீட்டர் நூலின் எடை, கிராமில். 590.5-ஐக் கவுண்டால் வகுத்தால் டெக்ஸ். 40-ஆம் நம்பர் 14.76 டெக்ஸ். டெக்ஸை டெக்ஸோடு தாராளமாகக் கூட்டலாம்: இரண்டு சேர்ந்தால் 29.53 (முறுக்கில் நீளம் குறைவதை விட்டுவிடுங்கள்). திருப்பிக் கவுண்டாக்கினால் 20. ஆக "கவுண்ட்" என்று ஒரு தனி வகை வைத்து, அதன் கூட்டல் குறிக்குள்ளே டெக்ஸுக்குப் போய்க் கூட்டித் திரும்பி வரச் சொல்லிவிட்டால், எழுதுகிறவனுக்கு 2/40 என்று எழுதினாலே போதும். ஆக்ஸியம் குடும்பத்தின் அடிப்படையே இதுதான். எண்ணைவிட, எண் குடியிருக்கும் வகைக்குத்தான் அங்கே மதிப்பு. கூட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அந்த வகை சொல்லும்.

இனி இன்டர்பிரட்டர் எப்படி ஊகிக்கிறது என்பதற்கு வருகிறேன். இது ஐபிஎம்மின் வாட்சன் ஆய்வகத்தில் ஸ்கிராட்ச்பேட் என்ற பெயரில் வளர்ந்த கதை. இரண்டாவது ஸ்கிராட்ச்பேடின் இன்டர்பிரட்டர் வகைகளை எப்படி ஊகித்து எப்படி மாற்றுகிறது என்று ராபர்ட் சூட்டரும் ரிச்சர்ட் ஜெங்க்ஸும் 1987-இலேயே ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். பிறகு அது ஆக்ஸியம் என்ற பெயரில் விற்பனைக்குப் போனது, 2001-இல் சந்தையை விட்டு விலகியது, அப்புறம் கட்டற்ற மென்பொருளானது. 2007-இல் பிரிந்த கிளைகளில் ஒன்றுதான் உங்கள் ஃபிரிகாஸ். உள்ளே ஊகிக்கும் முறையின் எலும்புக்கூடு இன்றும் பழையதுதான்.

க என்று ஒரு மாறி (ரோமன் எழுத்துக்குப் பதில் இங்கே க என்றே எழுதுகிறேன்). க + 1/2 என்று அடிக்கிறீர்கள். வேலை அடியிலிருந்து மேலே நடக்கும். 1 பாசிட்டிவ்இன்டிஜர், 2-உம் அப்படியே. நடுவில் வகுத்தல் குறி. பாசிட்டிவ்இன்டிஜரில் வகுத்தல் கிடையாது. மேலே ஏறிப் போனால் இன்டிஜர், அங்கே வகுத்தால் ஃபிராக்ஷன்(இன்டிஜர்). இந்தப் பக்கம் க வெறும் மாறி. அதன் வகை வேரியபிள்(க). இப்போது கூட்டல் குறி இரண்டு பக்கமும் பார்க்கிறது: ஒன்று மாறி, மற்றது பின்னம். இருவரும் சேர்ந்து இருக்கக்கூடிய சின்ன வீடு எது? பின்னங்களைக் கெழுவாகக் கொண்ட பல்லுறுப்புக்கோவை. பாலினாமியல்(ஃபிராக்ஷன்(இன்டிஜர்)) என்று வருவது அதனால்தான். க/2 அடித்தாலும் அதே வகை. 1/க என்று திருப்பி அடியுங்கள்: ஃபிராக்ஷன்(பாலினாமியல்(இன்டிஜர்)). முன்னதில் கோவைக்குள் பின்னம், பின்னதில் பின்னத்துக்குள் கோவை. பெயரில் இருக்கும் அடுக்கு வரிசையைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

எம்எல், ஹாஸ்கெல் போன்ற நிரல்மொழிகள் படித்தவர்கள், "நாங்கள் ஒரு வகையும் எழுதாமலேயே கம்பைலர் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிடுமே, இங்கே மட்டும் ஏன் இவ்வளவு பாடு" என்பார்கள். அங்கே வகைகள் நிரல் ஓடும் முன்பே முழுசாகத் தெரியும். இங்கே கூட்டல் குறிக்கு மட்டும் நூற்றுக்கணக்கான அர்த்தம். போதாததற்கு வகையின் பெயருக்குள்ளேயே மதிப்பு வந்து உட்காரும். 3-க்கு 3 சதுர அணி என்பது ஒரு வகை, 4-க்கு 4 இன்னொரு வகை, அந்த 3-உம் 4-உம் நீங்கள் இப்போதுதான் கணக்குப் போட்டு எடுத்த விடையாக இருக்கலாம். கணக்குப் போட்டால்தான் வகை தெரியும், வகை தெரிந்தால்தான் கணக்குப் போட முடியும் என்ற நிலையில், ஊகமும் ஓட்டமும் கைகோத்தே நடக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் வகை எழுதாமல் ஒரு சார்பு எழுதினால், 3 கொடுத்து முதல்முறை கூப்பிடும்போது அதற்காக ஒருமுறை கம்பைல் ஆகும். 2/3 கொடுத்தால் ஃபிராக்ஷனுக்காக மறுபடி. அந்த "கம்பைலிங் ஃபங்ஷன்" வரி திரையில் ஓடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஊகித்தாயிற்று, அடுத்தது மாற்றுவது. எதைத் தானாக மாற்றலாம், எதைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும்? எனக்குத் தெரிந்து இதை மிகக் கறாராக வைத்திருப்பது சேஜ். அதன் விதியை நம்ம சந்தைக் கணக்கில் சொல்கிறேன்.

ஈரோட்டு ஜவுளிச் சந்தை செவ்வாய்க்கிழமை. அன்றிலிருந்து 30 நாள் கழித்து என்ன கிழமை? 30-ஐ 7-ஆல் வகுத்தால் மிச்சம் 2, வியாழன். நாளின் எண்ணிக்கையிலிருந்து கிழமைக்குப் போக ஒரே ஒரு வழி. யார் போட்டாலும் அதே விடை. எந்த எண்ணைக் கொடுத்தாலும் விடை உண்டு. திருப்பிப் போக முடியுமா? "வியாழன்" என்று மட்டும் சொன்னால் 2-ஆம் நாளா, 9-ஆ, 30-ஆ? தெரியாது. ஆகவே முழு எண்ணையும் மாடுலோ 7 எண்ணையும் (7-ஆல் வகுத்த மிச்சத்தை மட்டும் வைத்திருக்கும் எண்) கூட்டினால், சேஜ் கேட்காமலேயே முழு எண்ணைக் கிழமையாக்கிக் கூட்டும். கிழமையை ஒருநாளும் தானாக முழு எண்ணாக்காது. 14 நாள் சுழற்சியையும் 7 நாள் சுழற்சியையும் கூட்டினால் 7-க்கு இறங்கிக் கூட்டும், ஏனென்றால் அதற்கும் சுத்தமான வழி இருக்கிறது. 5 நாள் சுழற்சியையும் 7 நாள் சுழற்சியையும் கூட்டச் சொன்னால் பிழை என்று நின்றுவிடும்.

பின்னத்தை மாடுலோ 7-உடன் கூட்டினாலும் நின்றுவிடும். இது பலருக்குக் கோபத்தைத் தரும், ஏனென்றால் மாடுலோ 7-இல் 1/2-க்கு விடை உண்டு: 4 (4-ஐ இரட்டித்தால் 8, மிச்சம் 1). நீங்களே வெளிப்படையாக மாற்றச் சொன்னால் சேஜ் 4 என்று தரும். தானாக மட்டும் செய்யாது. காரணம் 1/7. அதற்கு அந்த ஊரில் இடமே கிடையாது. ஒரு வீட்டில் ஒரே ஓர் ஆளுக்கு வழி இல்லையென்றாலும் அந்த வீட்டையே தானாகக் கூட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிற பிடிவாதம் அது. இந்தப் பிடிவாதம்தான் சேஜை நம்ப வைக்கிறது என்பேன்.

இன்னொரு நிபந்தனை, எந்த வழியில் போனாலும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஈரோட்டிலிருந்து பொள்ளாச்சிக்குத் தாராபுரம் வழியும் போகலாம், பல்லடம் வழியும் போகலாம். இறங்குவது ஒரே பொள்ளாச்சி. முழு எண்ணைப் பின்னமாக்கிப் பிறகு கோவையாக்கினாலும், முதலில் கோவையாக்கிக் கெழுவைப் பின்னமாக்கினாலும் விடை ஒன்றுதான். ஆனால் தசம எண்கள் இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படாது. 2-இன் 53-ஆம் அடுக்கு 9007199254740992. அதோடு 1 கூட்டிய எண்ணையும் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். முழு எண்களாகவே கழித்துவிட்டு விடையைக் கணினியின் இரட்டைத் துல்லியத் தசமமாக மாற்றினால் 1. முதலில் இரண்டையும் தசமமாக்கிவிட்டுக் கழித்தால் 0, ஏனென்றால் கடைசி 1-ஐ வைக்க அங்கே இடம் போதாது. வழி மாறினால் ஊரே மாறிவிடுகிறது. கணிதப்படி இதைத் தானாக மாற்றவே கூடாது. ஆனால் 1/3 + 0.5 என்று அடித்ததற்குப் பிழை காட்டினால் யாரும் அந்த மென்பொருளைத் தொடமாட்டார்கள். அதனால் எல்லோரும் இந்த இடத்தில் கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். சேஜ் கண்ணை மூடினாலும் திசையை விடவில்லை: 100 பிட் துல்லிய எண்ணையும் 53 பிட் எண்ணையும் கூட்டினால் விடை 53 பிட்டில்தான். லாரியோடு எடைமேடையில் ஏற்றிப் போட்ட எடையோடு, நகைக்கடைத் தராசில் போட்ட எடையைக் கூட்டிவிட்டு மில்லிகிராம் வரை சரி என்று சொல்வீர்களா?

சின்னச் சின்ன இடங்களில்கூட இந்த ஊர் விவகாரம் கடிக்கும். 1, 2, 3, 4 என்று இருக்கும் 2-க்கு 2 அணியோடு 1 கூட்டினால் நம்பையில் (பைத்தானின் எண் கணக்கு நூலகம்) 2, 3, 4, 5 வரும். சேஜில் 2, 2, 3, 5. அங்கே 1 என்றால் அணிகளின் ஊரில் இருக்கும் 1, அதாவது அலகு அணி. மூலைவிட்டத்தில் மட்டும் சேரும். இரண்டையும் ஒரே நாளில் உபயோகிக்கிறவர்கள் ஜாக்கிரதை.

மேலே ஏறினவர் இறங்குவது தனிச் சங்கதி. எங்கள் தோட்டத்துச் சாளையில் நாலு படி கொண்டால் ஒரு வள்ளம். வள்ளக் கணக்கைப் படிக் கணக்காக்க யோசிக்கவே வேண்டாம். எட்டுப் படியை வள்ளமாக்கு என்றால் ரெண்டு. ஆறு படியை? அப்பாறு (தாத்தா) "முடியாது போ" என்பார். ஃபிரிகாஸில் இதற்குப் பெயர் ரிட்ராக்ட். 24/2 என்ற பின்னத்தை முழு எண்ணாக இறக்கலாம். 25/2-ஐ இறக்கச் சொன்னால் "ஃபெயில்ட்" என்று வரும், அல்லது எந்தக் கட்டளையில் கேட்டீர்களோ அதைப் பொறுத்துப் பிழையாகும். இன்டர்பிரட்டர் ஒரு சார்பைக் கூப்பிட வகை பொருந்தவில்லையென்றால், இறக்கிப் பார்த்துக் கூப்பிட முடியுமா என்றும் முயற்சி செய்யும். உங்கள் 24/2-க்கு அது ஏன் நடக்கவில்லை என்றால், தேவைப்படவில்லை. காரணிப்படுத்தும் சார்பு பின்னங்களின் ஊரிலும் இருக்கிறது, ஒன்றும் செய்யாமல் இருப்பதே அதன் வேலை என்றாலும். முதலில் கதவைத் திறந்தவர் வீட்டிலேயே அது சாப்பிட்டுவிட்டது.

எக்ஸ்பிரஷன்(இன்டிஜர்) என்ற வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சைன், லாக் என்று எது வந்தாலும் இன்டர்பிரட்டர் எல்லாவற்றையும் இந்த ஒரு சாக்கில் போட்டுக் கட்டிவிடும். மேக்சிமா போன்ற மற்ற இயற்கணித மென்பொருள்கள் தொடக்கத்திலிருந்தே எல்லாவற்றையும் ஒரே சாக்கில் வைத்திருக்கும் கட்சி. அதில் சௌகரியம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஃபிரிகாஸில் அந்தச் சாக்கும் ஒரு களம்தான். ஒரு கோவை தெரியாத்தனமாக அதற்குள் விழுந்துவிட்டால், காரணிப்படுத்து என்றதும் உங்கள் 12 மாதிரியே முழுசாகத் திரும்பி வரும். அப்போதும் மருந்து அதேதான்: இரட்டை முக்காற்புள்ளி, பக்கத்தில் பாலினாமியல், அடைப்புக்குள் கேள்விக்குறி. உள்வகை என்னவென்று நீயே பார்த்துக்கொள் என்பது அந்தக் கேள்விக்குறிக்குப் பொருள். இன்டர்பிரட்டர் மனசுக்குள் எந்தெந்தக் கதவைத் தட்டுகிறது என்று பார்க்க வேண்டுமானால், செட் மெசேஜ் பாட்டம்அப் ஆன் என்ற கட்டளையைப் போட்டுவிட்டு 24/2-ஐக் காரணிப்படுத்திப் பாருங்கள். பக்கம் பக்கமாகக் கொட்டும். ஒருதடவை பொறுமையாகப் படித்தால் நான் இவ்வளவு நேரம் எழுதியது கண்ணெதிரே நடப்பது தெரியும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இன்டர்பிரட்டர் ஒறம்பரை (உறவுக்காரர்) வந்தால் கேட்காமலேயே காப்பித்தண்ணி வைக்கும் வீடு மாதிரி. எதிரே ஆள் உட்கார்ந்திருக்கிறார், விடை தப்பென்றால் அவரே சொல்லிவிடுவார், அதனால் ஊகிக்கலாம். ஸ்பேட் கம்பைலருக்கு எதிரே யாரும் இல்லை. அது இன்று கம்பைல் செய்யும் நூலகத்தை நாளை இன்னொரு நூலகம் கூப்பிடும், அதை இன்னொன்று. அங்கே ஒரு தப்பான ஊகம் உள்ளே புகுந்தால் எங்கே புகுந்தது என்று கண்டுபிடிக்க மாசக்கணக்காகும். என் 14642-ஐக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆனது, அதுவும் ஒரே ஒரு தாளில். அதனால் கம்பைலர் உள்வகையிலிருந்து வெளிவகைக்கு, அதாவது பாசிட்டிவ்இன்டிஜரை இன்டிஜராக எடுத்துக்கொள்வது போன்ற, சந்தேகமே இல்லாத சிலவற்றைத் தவிர மற்றதை உங்களையே எழுதச் சொல்கிறது. இன்டர்பிரட்டரில் ஓடின வரியை ஸ்பேடில் ஒட்டுவதற்கு முன்பு, ஒவ்வொரு விடைக்கும் கீழே வந்த டைப் வரியைப் பார்த்து அதையே ஸ்பேடில் கையால் எழுதுங்கள். இன்டர்பிரட்டரின் ஊகத்தையே உங்களுக்குக் குறிப்பெடுத்துக் கொடுக்கும் உதவியாளாக வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் அனுப்பிய கோப்பில் சிக்கியிருப்பது, ஓர் எண்ணை 2-ஆல் வகுத்து, இன்டிஜர் கேட்கும் சார்புக்குக் கொடுக்கும் வரி. வகுத்தல் குறியை எடுத்துவிடுங்கள். மிச்சத்தைத் தூக்கிப்போட்டாலும் பரவாயில்லை என்றால் குவோ போடுங்கள்; 25-க்கு 12 வரும். மிச்சம் வரவே கூடாது, வந்தால் எனக்குத் தெரிய வேண்டும் என்றால் எக்ஸ்குவோ. 24-க்கு 12 தரும், 25-க்கு "ஃபெயில்ட்" தரும், இரண்டையும் பார்த்து நீங்கள் கையாள வேண்டும். நீங்கள் எழுதுவது எண்ணின் காரணிகளைத் தேடும் நிரல் என்பதால், எக்ஸ்குவோதான் போட வேண்டும். மாற்றியும் ஓடாவிட்டால் பிழைச் செய்தியை முழுசாகப் போடுங்க தம்பி, பொழுதோட பார்த்துச் சொல்றேன்.